மதில் ஓரத்துச் சந்து

வரைபடப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களில் ஒருவர் அவளைக் கட்டிய கணவர். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் தப்பை ஒருவர் திருத்தித் திருத்தியே கல்யாணம்வரை போய்விட்டார்கள். பதவி உயர்வு மட்டும் அவளுக்கு வந்தது. அவர் ஒன்றும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. தலைவலியெல்லாம் அவளுக்கு, நிம்மதி தனக்கு என்று சொல்லிவிட்டார். வீட்டில் வாய்க்கு வாய் 'ஏம்மா' என்பவர், அலுவலக வாசலைத் தாண்டிவிட்டால் 'மேடம்'தான். அவளும் விடுவாளா, 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். இந்தக் கோட்டை இருவரும் ஒருநாளும் தாண்டியதில்லை.

வேலை என்னவென்றால், வானத்திலிருந்து எடுத்த படங்களைத் திரையில் விரித்துவைத்து, அதில் தெரியும் தெருவையெல்லாம் கோடாக வரைவது. பார்சல் கொண்டுபோகிறவர்கள் அந்தக் கோட்டைக் கைப்பேசியில் பார்த்துத்தான் வண்டி ஓட்டுவார்கள். ஊரின் சந்துபொந்தெல்லாம் இந்த அறையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். ஆனால் எல்லாம் மேலே இருந்து பார்த்ததுதான், கால் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக்குப் போன புதுப் பெண் ஒருத்தி, வழி தெரியாமல் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்த கூத்தும் நடந்திருக்கிறது.

இப்படி உட்கார்ந்தே ஓடிய காலத்தில், ஒரு காலை மாடிப்படியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவள்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். டாக்டர் பிழைக்க வைத்து அனுப்பும்போது சுற்றி வளைக்காமல் சொன்னார். "மாத்திரை பாதி, நடை பாதி. தினமும் வெளியே போய் நடக்கணும். நடக்கலேன்னா மறுபடி என்கிட்டதான் வரணும், அப்போ நான் இதே மாதிரி பேச முடியுமான்னு தெரியாது."

அவர் மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினார். காலையில் கேட்டால் தூக்கம், மாலையில் கேட்டால் அசதி. அவள் தலைகீழாக நின்று பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒரு நாள் அழுதே விட்டாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

சரி, வீட்டில் நடக்காததை அலுவலகத்தில் நடத்திக்காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். மேலாளரிடம் போய், ஊழியர்களுக்குக் கண் கெடுகிறது, முதுகு போகிறது, பிற்பகலில் வரைகிற கோடெல்லாம் கோணலாக வருகிறது, தினமும் அரைமணி நேரம் எல்லோரும் வெளியே போய்க் கை காலை ஆட்டட்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்தாள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. யாருக்காகக் கேட்கிறாள் என்பதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அனுமதி கிடைத்தது. முதல் நாள் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அறையின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கையில் ஒரு பந்தோடு வாசலில் போய் நின்றாள். இருட்டில் என்ன செய்வார்கள், முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பிறகு பூப்பந்து மட்டை வந்தது, கயிறு வந்தது. கணினி பழுது பார்க்கிற குண்டுத் தம்பி கயிறு தாண்டினால் அதைப் பார்க்கவே பக்கத்து அலுவலகத்து ஜன்னல்களில் கூட்டம் கூடியது. மணி அடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடுகிற அளவுக்கு ருசி கண்டுவிட்டார்கள்.

ஒரே ஒருவரைத் தவிர. இந்த ஊரில் தான் பார்க்காத தெருவா என்று கேட்டுவிட்டு, இருட்டிலும் திரை வெளிச்சத்தில் உட்கார்ந்து கோடு வரைந்துகொண்டிருந்தார் அவர். ஊரையே கிளப்பியவளால் ஒரு மனிதரைக் கிளப்ப முடியவில்லை. அவருக்காக வாங்கிய நடைக் காலணி அவள் மேசை இழுப்பறையில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் புகார் வந்தது. அலுவலகத்துக்குப் பின்னால், பெரிய கிடங்கின் மதிலை ஒட்டி ஒரு சந்து இருப்பதாக வரைபடம் சொல்கிறது, நம்பிப் போன வண்டிக்காரர் முட்புதரில் விழுந்து எழுந்து வந்திருக்கிறார் என்று. வரைந்தவர் யாரென்று பார்த்தால் சாட்சாத் அவரேதான். தன் கோட்டில் குறை என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சந்து இருக்கு மேடம். அந்த ஆளுக்குத்தான் பார்க்கத் தெரியல."

அவள் சட்டென்று இழுப்பறையைத் திறந்தாள். "அப்படின்னா நேர்ல போய்க் காட்டிடுங்க சார். நானும் வரேன்."

ரோஷக்காரர், காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனைக்கு வந்ததும் திருதிருவென்று விழித்தார். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் கூரை, கீழே நின்று பார்த்தால் எல்லாம் கதவு. எந்தப் பக்கம் திரும்புவது? தப்பாகத் திரும்பி, தப்பிலேயே கொஞ்ச தூரம் போய், மறுபடி வந்து, வேர்த்து விறுவிறுத்து நடந்தார். அவருடைய கை நெஞ்சுப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே அவள் கூட நடந்தாள். போகவில்லை.

மதில் வந்தது. சந்து வரவில்லை. அதை ஒட்டிப் புதர் மண்டிய வெற்றிடம்தான். பிற்பகல் வெயிலில் மதிலின் நிழல் தரையில் நீளமாக, நேராக, ஒரு வண்டி போகிற அகலத்துக்கு விழுந்துகிடந்தது. தார் ரோடு மாதிரியே கறுப்பு. அவர் நிழலைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மறுபடி நிழலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நிழலுக்குப் போய் ரோடு போட்டிருக்கேன் மேடம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவளும் மதிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் வெளியே நின்று சிரிக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே காலணியோடு நின்றவர் அவர்தான். இன்னும் எத்தனை நிழலுக்கு ரோடு போட்டு வைத்திருக்கிறாரோ, எல்லாவற்றையும் போய்ப் பார்த்தாக வேண்டுமாம். சந்தேகம் வந்த இடத்துக்கெல்லாம் நடந்தார், மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனார். அதுவரை பூட்டிக் கிடந்த அலுவலகத்துப் பின்கதவைத் திறந்துவைத்து, கிளம்புவதும் திரும்புவதும் அந்த மதில் ஓரமாகத்தான், வெயிலுக்கு அங்கேதான் குளுகுளுவென்று இருந்தது. புதரை ஆளுக்குக் கொஞ்சமாக ஒதுக்கிவிட்டார்கள். சில மாதம் கழித்து டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இப்படியே போங்கள் என்று தட்டிக்கொடுத்தார். இப்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறவள் அவள்தான்.

அடுத்த வருடம் புதுப் படங்கள் வந்தன. உச்சி வெயிலில் எடுத்தவை, நிழலே இல்லை. அவள் தன் மேசையில் வேலையாக இருந்தபோது, அறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இங்க வா."

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து ஓடினாள். திரையில் கிடங்கின் மதில். அதை ஒட்டி, அலுவலகத்துப் பின்கதவிலிருந்து மதிலின் மறுகோடிவரை, புல் தேய்ந்து வெளுத்த ஒரு மெல்லிய தடம்.

எல்லோரும் பார்க்க அவர் தோளில் கை வைத்து, "வரைங்க" என்றாள்.

அவர் நிதானமாக, ஒற்றையடிப் பாதைக்கு உரிய புள்ளிக்கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து முடித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இப்ப அந்த வண்டிக்காரரை வந்து சொல்லச் சொல்லு, இங்க சந்து இல்லேன்னு."