கால் தளர்ந்தது

வலி குறைந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். இடது இடுப்பில் கிளம்பி, பின்தொடை வழியாகக் கணுக்கால் வரை சுண்டி இழுத்த வலி அது. ஊர்க்கோடியில், கழக்கூட்டத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. அங்கிருந்து கரமனை வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸிலும் உட்கார்ந்தே வர வேண்டும்.

டாக்டரிடம் போகவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் படுத்த படுக்கைதான் என்று ஆபீஸில் ஒருத்தி போகிற போக்கில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் தைலம், வெந்நீர்ப் பை, மருந்துக்கடை மாத்திரை என்று ஓட்டினேன். வலி தானாகவே விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே தொல்லை, இடது செருப்பு. நடக்கும்போது கழன்று கழன்று விழுந்தது. ஒருநாள் பஸ் படியிலேயே விழுந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். கடைக்காரனை மனசாரச் சபித்துவிட்டுப் புது ஜோடி வாங்கினேன். அதிலும் இடதுதான் கழன்றது.

"ரெண்டு செருப்புமா கெட்டதா இருக்கும்? கெளம்பு, டாக்டர்ட்ட காட்டிண்டு வந்துடலாம்" என்றார் கணவர்.

ஆஸ்பத்திரியில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தப் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். என் மலையாளம் பஸ்ஸுக்கும் கடைக்கும்தான் காணும்.

"காலினு தளர்ச்ச உண்டோ?" என்று கேட்டார் டாக்டர் அம்மாள்.

காலில் பிடிப்பு விட்டிருக்கிறதா என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "உண்டு டாக்டர், இப்போ நல்லா தளர்ந்துடுத்து" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். மூத்திரம் போக முடிகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டார். அதெல்லாம் இல்லை என்றேன். படுக்க வைத்துக் கால் பெருவிரல்களைத் தூக்கச் சொன்னார். வலது எழுந்தது. இடது லேசாக அசைந்ததே தவிர எழவில்லை.

என் விரல்தான். தூக்கு தூக்கு என்று சொல்கிறேன், கேட்கவில்லை. அந்த மாதிரி பயத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

அதற்குள் கணவர் வந்துவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். டாக்டர் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்து என் பக்கம் திரும்பினார். "கால் தளர்ந்துடுத்துன்னு நீயா சொன்னே? இங்கே அதுக்குக் கால் பலமில்லாம போயிடுத்துன்னு அர்த்தம்டி."

"தப்பாச் சொல்லிட்டேன் டாக்டர்" என்று அழுதேன், சொல்லைத் திருத்திவிட்டால் காலும் சரியாகிவிடும் என்பதுபோல.

தப்பில்லை என்றார் டாக்டர். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலி குறைந்தாலும் நரம்பு பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. செருப்பு கழன்றது பாதம் மேலே எழும்பாததால்தான். ஸ்கேன் பார்த்துவிட்டு, உடற்பயிற்சியோடு கொஞ்ச நாள் கவனிப்போம், விரல் இன்னும் பலம் இழந்தால் உடனே ஆபரேஷன் என்றார்.

அந்த நாட்களைப் பயந்தே கழித்தேன். கண் விழித்ததும் போர்வைக்குள் விரலைத் தூக்கிப் பார்ப்பேன். அசையும்வரை மூச்சே வராது. ஆபீஸில் அடிக்கடி எழுந்து நடந்தேன். குடத்தை எடுக்கக்கூட இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கினேன். கத்தி வைக்காமலே விரல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது.

போன வாரம் அம்மா திருநெல்வேலியிலிருந்து போன் செய்தாள். "இப்ப கால் நன்னா தளர்ந்திருக்காடி?"

"அந்த வார்த்தையைச் சொல்லாதேம்மா!" என்று கத்திவிட்டேன். நான் போனைக் காதில் வைத்தபடியே குனிந்து இடது காலைப் பார்த்தேன். விரலைத் தூக்கினேன். வலதைவிடத் தாமதமாக எழுந்தது.

"செருப்பு கழலறதில்லேம்மா" என்றேன்.