தாடியைத் தேடி சுங்கை சிப்புட்டுக்கு

வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால் மணி. ஈப்போ நிலையத்தில் வடக்கே போகும் வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றது. சுங்கை சிப்புட்டுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு ஐம்பத்தைந்து காசு. என் கைப்பையில் இருந்தவை: இறுக்கமான மூடியுள்ள பிஸ்கோத்துத் தகரம் ஒன்று, கார்பாலிக் திராவகம் ஒரு புட்டி, நீண்ட இடுக்கி, பஞ்சு, ரப்பர் கையுறை ஒரு ஜோடி. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும் அத்தை கொண்டுபோகும் சாமான்கள் அல்ல இவை. குழந்தைக்கென்று எதுவும் வாங்கவில்லை என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் நண்பகல் தாதியர் விடுதிக்குத் தந்தி வந்திருந்தது. ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று அண்ணன் அனுப்பியிருந்தார். கூட இருந்த பெண்கள் சர்க்கரை கேட்டார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது அண்ணனின் தாடி. குழந்தை பிறந்துவிட்டால் அண்ணன் தாடியை எடுத்துவிடுவார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஈப்போவில் பயிற்சி பெற்ற தாதி. அந்த வாரத்தில்தான் எங்கள் வார்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் இறந்தார். தாடையில் சிறு பரு என்று வந்தவர். பருவின் நடுவே கரி போலக் கறுத்தது, சுற்றிலும் நீர்க் கொப்புளங்கள் வளையம் கட்டின, கழுத்து மார்புவரை வீங்கியது. கடைசிவரை அந்தப் புண் அவருக்கு வலிக்கவே இல்லை. டாக்டர் அவர் முகத்தை விட்டுவிட்டு, எதனால் சவரம் செய்வார் என்று கேட்டார். வீட்டார் ஒரு பிரஷைக் கொண்டுவந்தார்கள். வெள்ளை எலும்புக் கைப்பிடி, மஞ்சளோடிய குதிரை மயிர், செய்தவர் பெயர் எங்கும் இல்லை. மாடுகளையும் குதிரைகளையும் கொல்கிற அடைப்பான் நோயின் வித்து, சுத்தம் செய்யாத மயிரில் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். சோப்பு அதை ஒன்றும் செய்யாது. கத்தி போட்ட மெல்லிய கீறல் போதும், உள்ளே போய்விடும்.

அதே மாதிரி பிரஷ் ஒன்றை அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன் ஈப்போ புது நகரத்துச் சில்லறைக் கடையில் வாங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். தந்தியைப் பார்க்கும்வரை இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அண்ணன் தர்மலிங்கம் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். மீசை அரும்பிய நாளிலிருந்து அவருக்குச் சவரம் ஒரு சோதனை. மயிர் தடிப்பு, சுருளும் வேறு. பசார் நாவிதரிடம் போனார், கழுத்தெல்லாம் கொப்புளம். மெல்லிய தகடு போட்டுத் திருகும் புதுக் கத்தி வாங்கினார். முதல் நாள் வழுவழுவென்றிருந்தது, மூன்றாம் நாள் வெட்டிய மயிர் தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து சீழ் வைத்தது. வாசனைச் சோப்புக்குச்சி எரிந்தது. படிகாரம் இரத்தத்தை நிறுத்தியதே தவிர எரிச்சலை நிறுத்தவில்லை. அண்ணி உண்டானதும் எங்கள் வழக்கப்படி முகத்தில் கத்தி படாமல் இருந்துவிட்டார். தோட்டத்துத் துரை தினமும் முறைத்துப் பார்க்கிறான், ஆனால் என் கன்னம் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்றார். இருந்தாலும் பிள்ளை பிறந்ததும் மழித்த முகத்தோடுதான் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்காகவே அன்று ஒரு செட் வாங்கினார்: மடக்குக் கத்தி, தீட்டும் தோல்வார், மரக்கிண்ணத்தில் கெட்டிச் சோப்பு, பிரஷ். பிரஷ்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டின் உட்புறம் தேய்த்துப் பார்த்து, மயிரை நிமிர்த்திக் கொடுக்கும் என்று இருப்பதிலேயே முரடானதை எடுத்தார்.

உடனே பதில் தந்தி கொடுத்தேன். ஆனால் தோட்டத்துக்குத் தந்திக் கம்பி கிடையாது. ஊர்த் தபால் கந்தோரில் கிடந்து, யாராவது தோட்டத்தார் வந்தால்தான் போகும். அதனால்தான் இந்த முதல் வண்டி.

செம்மோர் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. வலப்பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் மூடுபனிக்குள் நின்றன. ஈயச் சுரங்கக் குட்டைகளில் தண்ணீர் பால் போல் வெளுத்திருந்தது. இதே வழியில் பலமுறை போயிருக்கிறேன். குன்றுகளை எண்ணிக்கொண்டு போவது என் வழக்கம். அன்று எண்ணியது வேறு. எதிர் இருக்கையில் நான்கு ஆண்கள், நான்கு பேரும் மழித்த முகம், ஒருவருக்குக் காதோரம் கீறல்.

ஏழரை மணிக்குச் சுங்கை சிப்புட். தோட்டம் ஐந்து மைல். மாட்டுவண்டிக்காரர் முப்பது காசு கேட்டார், மோட்டார்காரர் ஒன்றரை வெள்ளி கேட்டார். மோட்டாரில் ஏறினேன். ஓட்டியவர் காசி என்று ஒருவர், வெற்றிலை வாய்.

“என்னக்கா, வெள்ளிக்கிழமை காலையிலயே அவசரம்? யாருக்காச்சும் சீரியஸா?”

“அண்ணனுக்குப் பிள்ளை பிறந்திருக்கு.”

“அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். “அண்ணே, இங்க பிள்ளை பிறந்தா அப்பன் எப்போ தாடி எடுப்பான்?”

“சிலவன் அன்னிக்கே எடுப்பான். சிலவன் தீட்டு கழியட்டும்பான்.”

“வெள்ளிக்கிழமை எடுப்பாங்களா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “வெள்ளிக்கிழமை எவன் கத்தி எடுப்பான் லா. வீட்டுல இருக்கிற லட்சுமி இறங்கிப் போயிருவா. நகம் கூட வெட்ட மாட்டான்.”

வெள்ளிக்கிழமைச் சாத்திரத்தை விடுதியில் நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்று அந்த மனிதரிடம் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அண்ணனும் என்னைப் போலத்தான். நாளும் கிழமையும் பார்க்கிறவர் அல்ல. தாடி வைத்ததே வழக்கத்தை மீறக்கூடாது என்று அண்ணி அழுததால். தந்தி கொடுத்தது வியாழன். தாடியை எடுக்க வியாழன் மாலை முழுதும் அவருக்கு இருந்திருக்கிறது.

ரப்பர் மரங்கள் தொடங்கின. வரிசை வரிசையாக, ஒரே பருமன், ஒரே சாய்வு. உள்ளே வெளிச்சம் மங்கலாகவே இருந்தது. கோப்பைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரப்பட்டையிலும் சாய்வாகக் கத்தி கீறிய தடம். அதைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மடியில் வைத்துக்கொண்டேன்.

கிராணி வீட்டு முன்னால் வண்டி நின்றதும், படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். மார்புவரை தாடி.

அந்த நேரத்து நிம்மதியை எழுதத் தெரியவில்லை. காசியிடம் மிச்சக் காசைக்கூட வாங்காமல் இறங்கி ஓடினேன்.

“ராசம், நீயா? லீவு குடுத்தாங்களா?” என்றார் அண்ணன்.

“அந்த பிரஷ் எங்கண்ணே?”

“முதல்ல மருமகனப் பாரு.”

“பிரஷ் எங்க?”

“சாமிக்கண்ணுகிட்ட இருக்கு. ஏன்?”

சாமிக்கண்ணு தோட்டத்து நாவிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், ஆண்களுக்கெல்லாம் அவர்தான் சவரம். தலைப்பிள்ளை பிறந்தால் தகப்பன் தாடியை எடுப்பது அவருடைய உரிமை. அரிசி, தேங்காய், வேட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். மடக்குக் கத்தி கடையிலிருந்து வந்தபடியே முனை மழுங்கலாக இருந்ததாம். தீட்டி வைக்கட்டும் என்று பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே செட் முழுவதையும் பெட்டியோடு அவரிடம் கொடுத்துவிட்டார் அண்ணன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். இருவரும் லயத்துக்கு நடந்தோம். பால் வெட்டுக்கு எல்லாரும் போய்விட்டதால் லயம் காலியாக இருந்தது. கடைசி வீட்டு வாசலில் ஒரு நடுத்தர வயது மனிதர் தோல்வாரைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தாடையின் வலப்பக்கம் காசளவு வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

“வாங்க கிராணி ஐயா. மிஸ்ஸியும் வந்திருக்கீங்க. திங்கக்கிழமை நாள் நல்லாருக்கு. ஜமாய்ச்சிரலாம்.”

தாதியை இங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். நான் அவர் தாடையைப் பார்த்தபடியே கேட்டேன். “அது என்னண்ணே, சுண்ணாம்பு?”

“ஏதோ பூச்சி கடிச்சிருக்கு. பெரிசா ஒண்ணும் இல்ல.”

“அந்த பிரஷ் யாருக்காவது போட்டீங்களா?”

“ஐயோ, புது சாமான மத்தவன் மூஞ்சில வைப்பனா? ஐயாவுக்குன்னு வச்சிருக்கேன்.” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். “என் மூஞ்சில மட்டும் ஒரு தடவ போட்டுப் பாத்தேன், போன ஞாயித்துக்கிழம. ஐயா தோலு சும்மா தொட்டாலே கொப்புளம் போடும். இந்த மயிரு முரடா இருக்கே, ஒத்துக்குமோ ஒத்துக்காதோன்னு.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு, பஞ்சை நனைத்துச் சுண்ணாம்பைத் துடைத்தேன். நடுவே சிறு கறுப்பு. சுற்றிலும் கொப்புளங்கள், முத்துக் கோத்த மாதிரி ஒழுங்காக. அதைச் சுற்றி வீக்கம்.

“வலிக்குதாண்ணே?”

“வலியே இல்ல மிஸ்ஸி. அதான் ஆச்சரியம்.”

அண்ணன் தாடியைப் பார்த்தபோது வந்த நிம்மதி எவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டது என்பதை அப்போது உணர்ந்தேன். இப்போதே ஈப்போவுக்கு வர வேண்டும், மாற்று ஊசி அங்கேதான் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

“பருவுக்கு ரயிலா? ஞாயித்துக்கிழம இங்க அம்பது தலை வரிசையில நிக்கும். திங்கக்கிழம ஐயா தாடி. நான் போயிட்டா பக்கத்துத் தோட்டத்து ஆளு பெட்டியத் தூக்கிட்டு வந்திருவான். தலைப்பிள்ளத் தாடி மிஸ்ஸி, அத விட்டுக் குடுக்க முடியுமா?”

நான் மளிகைக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவர் சிரிப்பு நின்றது, ஆனால் அசையவில்லை. தோல்வாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன்தான் பேசினார். “சாமிக்கண்ணு, நீ திரும்பி வார வரைக்கும் இந்தத் தாடிய எவனும் தொட மாட்டான்.”

“துரை ஏசுவாரே.”

“ஏசட்டும்.”

“நான் வரலேன்னா?”

அண்ணன் தாடியைக் கையால் பிடித்துக்கொண்டார். “அப்ப இது இப்படியே இருக்கும்,” என்றார்.

சாமிக்கண்ணு எழுந்து வேட்டியை மாற்றிக்கொள்ளப் போனார். நான் பிரஷை இடுக்கியால் எடுத்துத் தகரத்தில் போட்டு மூடினேன். கிண்ணம், சோப்பு, தோல்வார் மூன்றையும் அண்ணன் ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்து அடுப்பில் போட்டார். கத்தியைக் கார்பாலிக்கில் முக்கி வைத்தோம். புறப்படும் முன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி உள்ளிருந்து குழந்தையை நீட்டினாள். வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். கறுத்த முடி, மூடிய கண், வாய் எதையோ மென்றது. கையைக் கழுவிவிட்டேன் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தூக்கவில்லை.

பகல் பதினொன்றே கால் வண்டி. சாமிக்கண்ணு தாடையில் கட்டுப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தகரம் என் மடியில். அண்ணன் பிளாட்பாரத்தில் தாடியோடு நின்றார், நான்கு பேர் அவரைச் சாமியார் என்று விலகிப் போனார்கள். வண்டி கிளம்பியதும் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய அம்மாள் தகரத்தை விரலால் தட்டினார்.

“என்னம்மா, முறுக்கா? பிள்ள அழுவுது, ஒண்ணு குடேன்.”

மூடியின் மேல் என் இரு கைகளும் தானாகவே வந்து அமர்ந்தன. “மருந்தும்மா,” என்றேன். அவர் நம்பவில்லை; கஞ்சப் பெண் என்று முகம் சொன்னது. செம்மோர்வரை நான் கையை எடுக்கவில்லை. சாமிக்கண்ணு ஒரே ஒரு தடவை பேசினார். “கழுத்து இறுக்கமா இருக்கு மிஸ்ஸி.” வண்டி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஊசி அன்று மாலைக்குள் போடப்பட்டது. மூன்றாம் நாள் வீக்கத்தில் ஒரு கண் மூடிவிட்டது, காய்ச்சலில் யார் யார் தலையையோ வரிசையில் நிற்கச் சொன்னார். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. தகரத்தில் இருந்த பிரஷ் குற்றவாளிதான் என்று மட்டும் சொன்னார். இரண்டாம் வாரம் காய்ச்சல் இறங்கியது. பிறகு அந்தக் கறுப்பு மெல்ல மெல்லக் காய்ந்து உதிர்ந்து, ஒரு குழியை விட்டுப் போனது.

அவரை அழைத்துப்போக அண்ணன் ஈப்போவுக்கு வந்தபோது தாடி இன்னும் நீண்டிருந்தது. விடுதிக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு பெஞ்சு போட்டோம். கத்தியை நான் அரை மணி அவித்தேன். “கத்தியவே அவிச்சிட்டீங்க, இனி ரசம் வைக்க வேண்டியதுதான்,” என்றார் சாமிக்கண்ணு. சோப்பும் இல்லை, பிரஷும் இல்லை. வெந்நீரை உள்ளங்கையில் அள்ளி விரல்களாலேயே தேய்த்துத் தேய்த்து ஊறவைத்தார். மயிர் போகிற போக்கிலேயே கத்தியை விட்டார், எதிர்த்து ஒருதரமும் இழுக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணனுக்குக் கொப்புளம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது.

தொண்டைக்குக் கத்தி இறங்கியபோது அண்ணன் கேட்டார். “பயமா இருக்கா சாமிக்கண்ணு?”

“இருக்கு ஐயா. கை நடுங்குது. பேசாம இருங்க.”

கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.