மீட்டருக்குப் போட்ட மாலை

கரண்ட் ஆபீஸ் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வயதானால் தணியும் என்றார்கள். தணியவில்லை.

செல்லூரில் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, மாவு மில் வைத்திருந்தார். பக்கத்தில் லேத் பட்டறை, எதிரே விசைத்தறிகள். தெரு முழுவதற்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். சாயங்காலமானால் பல்பெல்லாம் மங்கிவிடும். மில் மோட்டார் முக்கும், முனகும், சில நாள் உள்ளே காயில் கம்பி கருகிப் புகையும். கரண்ட்தான் ஒழுங்காக வராது, பில் டாண் என்று வந்துவிடும். போதாக்குறைக்கு அந்த வருடம் சிறு தொழில்களுக்குக் கட்டணத்தை உயர்த்தப் போகிறார்கள், அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போடுகிறார்கள் என்று செய்தி வந்தது. தெருவே கூடி, அத்தைதான் போய்ப் பேச வேண்டும் என்று முடிவு செய்தது. அத்தையின் வாய்க்கு எதிரில் நிற்க செல்லூரில் ஆள் கிடையாது. மிளகாய் அரைத்துக்கொண்டே பேச்சை ஒத்திகை பார்ப்பார். நாங்கள் பிள்ளைகள் தும்மிக்கொண்டே கை தட்டுவோம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் சோறு போடும் எதற்கும் பொட்டு வைப்பார்கள். மோட்டாருக்கு, தராசுக்கு, மாவு அள்ளும் முறத்துக்கு. கரண்ட் இல்லாமல் சோறு ஏது? அதனால் மீட்டர் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். மாலையை மாட்ட ஆணி இல்லாததால் அத்தை அதை, யாரும் மீட்டரைத் திறக்காதபடி ஆபீஸ்காரர்கள் முத்திரை வைத்திருந்த சீல் கம்பியிலேயே கட்டிவிட்டார். போட்ட மாலை தானாக உதிரும்வரை நாங்கள் கழற்றுவதில்லை.

தீபாவளி நெருங்கிவிட்டது. கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கரண்ட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஆட்களோடு மில்லுக்குள் வந்தார். எத்தனை புகார் கொடுத்தும் அந்தத் தெருவை எட்டிப் பார்க்காத மனிதர். நேராக மீட்டரிடம் போய்க் காய்ந்த மாலையை இழுத்தார். சீல் கம்பியும் சேர்ந்து கையோடு வந்தது.

"சீலை உடைச்சிருக்கீங்க. இது கரண்ட் திருட்டும்மா."

"சாமி கும்பிட்டது திருட்டா சார்?" என்றார் அத்தை. ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிரசத்துக்கு ஊறவைத்துப் பெண்கள் அரைக்கக் கொண்டுவந்த ஈர அரிசி வாளி வாளியாக வரிசையில் இருந்தது. பொழுது சாய்ந்தால் புளித்துவிடும். புளித்தால் அந்தப் பெண்கள் அடுத்த தீபாவளிக்கு வேறு மில்லைத்தான் தேடுவார்கள்.

அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். அப்பா, லேத் பட்டறைக்காரர், பின்னாலேயே நான். கரண்ட் ஆபீஸ் வாசலில் ஏறியதும் அத்தை அப்படியே நின்றார். அங்கே சுவரில் இருந்த மீட்டருக்குச் சந்தனம், குங்குமம், எங்களுடையதைவிடப் பெரிய மாலை.

"லேத்துக்காரண்ணே, இங்க வந்து பாருங்க! இம்புட்டுப் பெரிய மாலை! அப்ப இந்த ஆபீசும் கரண்ட்டத் திருடுதாக்கும்?"

பில் கட்ட நின்ற வரிசையே சிரித்தது. அதிகாரியின் முகம் கறுத்தது. அத்தையையும் அப்பாவையும் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்கள் வெளியே வந்தபோது, "ஜெயிச்சிட்டமா அத்தை?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். சாயங்காலத்துக்குள் மில் ஓடியது. தெருவே விசிலடித்தது. அத்தை பேச்சை ஒத்திகை பார்க்காமல் ஈர அரிசியை அரைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூட்டத்துக்கு அடம்பிடித்து நானும் போனேன். சில்லென்று ஏசி போட்ட மண்டபம். மைக்கில் அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கை தட்டத் தயாரானேன். அத்தை எழுந்தார்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், "ஏன் அத்தை பேசல?" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"மில்லு ஓடுதுல்ல? பேசாம வா புள்ள."

அன்று அறைக்குள் நடந்ததை அப்பா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். கூட்டத்தில் வாயைத் திறந்தால் திருட்டுக் கேஸ், திறக்காவிட்டால் சாயங்காலமே கரண்ட் என்றாராம் அந்த அதிகாரி. பாவி! கட்டணமும் உயர்ந்தது, மோட்டாரும் பழையபடி முனகிக்கொண்டேதான் கிடந்தது.

இதெல்லாம் தெரியாமல், பயந்தாங்கொள்ளி என்று திட்டிவிட்டு, தீபாவளி முடியும்வரை அத்தையோடு நான் பேசவே இல்லை. யார் மேல் கோபப்பட வேண்டும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை.