லேஸுக்கு அடியில் விரல்கள்

“இளமை முதலே தம் தளிர் விரல்களால் லேஸ் பின்னி, அந்த வருமானத்தில் தம்பியர் இருவரையும் பட்டதாரிகளாக்கிய கைவினைச் செல்வி, பாப்பாயி அம்மாள்.”

குடும்ப வரலாற்று மலரில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. தளிர் விரல் ஒவ்வொன்றும் பனங்கிழங்குப் பருமன். எழுதிக்கொடுத்தவர் லேஸைப் பற்றி அறிந்ததெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில். கதைகளில் லேஸ் பின்னுகிறவள் சிம்னி விளக்கடியில் விரலைக் குத்திக்கொண்டு வெள்ளை நூலில் ரத்தம் சிந்துவாள். எனவே மலரில் பாப்பாயியும் சிந்தினார். குரோஷா ஊசியின் முனை மழுங்கல், அதில் ரத்தம் வரவழைக்கத் தனித் திறமை வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

லேஸ், இப்போது மில் முதலாளியாகிவிட்ட தம்பி காளிச்சாமியின் யோசனை. மில் முதலாளியின் அக்கா லேஸ் பின்னியிருக்கலாம். வேறு தொழில் செய்திருக்கக் கூடாது. 1996 தையில், கோயமுத்தூர் மண்டபத்தில் அவர் மகளுக்கு நிச்சயம். காலையிலேயே அக்காவிடம் வந்துவிட்டார்.

“சம்மந்தி ஊடு பெரிய எடமுங்க்கா. சந்தை கிந்தைன்னு வாயைத் தொறந்துபோடாதீங்க. புள்ளை வாழ்க்கை.”

“ஏஞ்சாமி, ரத்தம் சிந்துனவ எங்க பேசப்போறேன்?”

மாப்பிள்ளையின் தாய் வெங்கடம்மாள் மலரை வரிவிடாமல் படித்திருந்தார். கான்வென்ட்டில் லேஸ் பழகியவர் வேறு. பாதி முடிந்த விரிப்பை ஊசியோடு கைப்பையிலிருந்து எடுத்துப் பாப்பாயி மடியில் வைத்தார்.

“ஏனுங்க்கா, மூலை திரும்பறப்ப சுருங்கிச் சுருங்கிப் போகுதுங்க. ஒரு வரிசை போட்டுக் காட்டுங்க.”

வீடியோக்காரர் விளக்கை இந்தப் பக்கம் திருப்பினார். இரு வீட்டாரும் கழுத்தை நீட்டினார்கள்.

“அக்காளுக்குக் கண்ணு தெரியாதுங்க,” என்றார் காளிச்சாமி.

“அதென்னுங்க? வாசல்ல வாரப்பவே என்னைப் பாத்து ‘பச்சச் சீலை அம்மணி’ன்னு கூப்புட்டாங்களே!”

பாப்பாயி ஊசியை ஊதுபத்தி போலப் பிடித்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நிச்சயம் முறியலாம். பொய் சொன்னால் இந்த வரிசையோடு தீராது; ஆயுளுக்கும் சம்மந்திக்கு மூலை திருப்பிக் காட்ட வேண்டும். ஊசியைக் கீழே வைத்தார். விரிப்பைத் தன் வலக்கையின்மேல் போட்டு, வெங்கடம்மாளின் கையை அதனடியில் இழுத்து, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் அடுத்தவருக்குத் தெரியாமல் தரகர்கள் விலை சொல்கிற பிடி. அங்கே மேலே கிடப்பது துண்டு, எதுவும் தெரியாது. இது லேஸ், மண்டபத்துக்கே தெரிந்தது.

“எனக்குத் தெரிஞ்சது இதுதானுங்க அம்மணி.”

வெங்கடம்மாளின் முகம் இறுகியது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

“எங்கப்பாரு அந்தியூர்ல குதிரை வாங்கறப்ப இப்படித்தான் புடிப்பாரு. நீங்க எங்க?”

“பொள்ளாச்சிச் சந்தைங்க. எருமை.”

“பொம்பளைன்னு ஆரும் ஒண்ணும் சொல்லலீங்களா?”

“எருமை சொல்லலீங்க.”

காளிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். லேஸுக்கு அடியில் வெங்கடம்மாளின் கை புரண்டு, இரண்டு விரலுக்கு மூன்றாக விலை ஏற்றிப் பிடித்தது.

“நிச்சயத்துக்கு உப்புச் சக்கரையைக் கொண்டாரச் சொல்லுங்க, மாத்திக்கலாம்,” என்றார் தன் வீட்டாரிடம். பிறகு காளிச்சாமியிடம்: “அந்தப் பொஸ்தகத்தை மட்டும் எங்க சனத்துக்குக் குடுத்துபோடாதீங்க.”

பாப்பாயி ஒருநாளும் லேஸ் பின்னியதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து எருமை விற்றார். அதில்தான் தம்பிகளைப் படிக்க வைத்தார்.