முதுகைப் பார்த்துச் சொல்ல ஒருவர்

எங்கள் ஊரில் எந்த ஆம்பளையின் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் மேல்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதற்குள் கைவிடப்பட்ட துப்பாக்கி உறைகள் கிடக்கும். ஆசையாக வாங்கி, இரண்டு நாள் இடுப்பில் செருகிப் பார்த்து, குத்துகிறது, வழுக்குகிறது, வேர்க்கிறது என்று திட்டித் தீர்த்து, தூக்கி எறியவும் மனசு வராமல் போட்டுவைத்தவை. ஒல்லியான ஆட்களின் பெட்டி செருப்புப்பெட்டி அளவு இருக்கும். டெல்பர்ட் ஹாஸ்கின்ஸின் பெட்டி, அவர் வீட்டு டிவி வந்து இறங்கிய பெட்டி.

டெல்பர்ட் குண்டு ஆள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடிய காலத்தில் அந்த உடம்புக்கு மதிப்பு இருந்தது. பிறகு அது வெறும் உடம்பு ஆனது. பண்ணை வீடுகளுக்குச் சமையல் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறார். ஓக்லஹோமாவின் அந்த மூலையில் எல்லா வீட்டுக் கொல்லைப்புறமும் அவருக்குத் தெரியும், எல்லா நாய்க்கும் அவரைத் தெரியும். சமையலறைக்குள் மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. குழாயை மாட்டி, நிரப்பி, ரசீதைக் கதவில் செருகிவிட்டுப் போகிற ஆளை யார் உள்ளே கூப்பிடுவார்கள்?

மனைவி லோரீன் செத்துப்போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. மகள் கார்லா போர்ட்லாண்டில் இருக்கிறாள். டெல்பர்ட் ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டார். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது.

வாரத்தில் அவருக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். எங்கள் சர்ச்சில் கடைசி பெஞ்சு காவல்காரர்களுடையது. எங்கேயோ ஒரு சர்ச்சில் எவனோ புகுந்து சுட்டான் என்று செய்தி வந்த வருஷம், நாலைந்து பேர் சட்டைக்குள் துப்பாக்கியோடு பின்னால் உட்கார ஆரம்பித்தார்கள். அவர்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் இருப்பது மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது. அதுதான் ஒப்பந்தம். கதவை ஒட்டிய ஓரம் டெல்பர்ட்டின் இடம். சுவரில் முதுகைச் சாய்த்து, வருகிறவர்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை காய்ச்சலில் வராமல் இருந்தபோது, "நீ இல்லாம கதவுப் பக்கம் வெறிச்சுனு இருந்துச்சுடா" என்று காவலுக்குத் தலைவரான கேலன் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு டெல்பர்ட் மாசக்கணக்கில் லாரி ஓட்டினார்.

லோரீன் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சடங்கு உண்டு. கிளம்பும்போது சமையலறை வாசலில் டெல்பர்ட் ஒரு சுற்றுச் சுற்றி நிற்பார். அவள் அடுப்பிலிருந்து திரும்பி, சட்டையைப் பின்னால் இழுத்துவிட்டு, "தெரியல, போ" என்பாள். தெரிந்தால், "இங்க பிதுங்குது, கழட்டு" என்பாள். பெரிய உடம்புக்காரருக்குத் தன் முதுகைத் தானே பார்க்கக் கழுத்து திரும்பாது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிஸ்டர் வெல்டாவின் பாட்டுப் புத்தகம் நடைபாதையில் விழுந்தது. டெல்பர்ட் குனிந்து எடுத்தார். சட்டை மேலே ஏறியது, துப்பாக்கியின் பிடி வெளியே வந்தது. வெல்டா "ஐயோ, கர்த்தாவே" என்று சொன்னது மூன்று பெஞ்சுக்குக் கேட்டது.

வண்டி நிறுத்துமிடத்தில் கேலன் பிடித்துக்கொண்டார்.

"டேய், பாதிக் கடையே வெளிய வந்துடுச்சுடா."

"குனிஞ்சேன், அதான்."

"அதுக்குன்னு குனியாமலே இருப்பியா? இடுப்புக்கு ஏத்த மாதிரி ஒழுங்கா ஒரு உறை வாங்கு. புது பாஸ்டர் மூஞ்சியே சரியில்ல. அடுத்த ஞாயிறும் தெரிஞ்சுதுன்னா என்னால உனக்காகப் பேச முடியாது. நடு பெஞ்சுல உக்காந்து பாட்டுப் பாடிட்டுப் போவ வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பெஞ்சு ஓரமும் போய்விட்டால், உலகத்தில் தன்னை எதிர்பார்க்கிற இடம் ஒன்றுகூடக் கிடையாது என்று டெல்பர்ட்டுக்குத் தெரியும்.

அன்றைக்கே டிவிப் பெட்டியை இறக்கி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். முன்பக்கம் செருகுவதை ஒல்லிப் பயல்கள் ஆகா ஓகோ என்பார்கள். டெல்பர்ட் உட்கார்ந்ததும் தொப்பை அதன்மேல் இறங்கி, இரும்பு தொடையிடுக்கில் ஏறியது. கணுக்காலில் கட்டுகிற உறை அழகாக மறைந்தது. ஆனால் ஆபத்துச் சமயத்தில் அவர் அதை எட்டுவதற்குள் வந்தவன் பிரசங்கம் முழுக்கக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். வயிற்றைச் சுற்றுகிற துணிப்பட்டை ஐந்து நிமிஷத்தில் நனைந்தது. அக்குளில் தொங்குவதற்கு மேலே கோட்டு வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் கோட்டு போட்டு வருகிறவனைத்தான் கடைசி பெஞ்சு முதலில் சந்தேகப்படும்.

எதை மாட்டினாலும் முதுகில் எப்படித் தெரிகிறது என்பதுதான் தெரியவில்லை. குளியலறைக் கண்ணாடியில் பாதி முதுகு தெரிந்தது. போனை ரொட்டி வாட்டும் பெட்டிமேல் சாய்த்து, படம் எடுக்கவைத்து, ஓடிப்போய்த் திரும்பி நின்றார். படத்தில் சட்டை போட்ட சுவர் ஒன்று நின்றது. பிதுங்குகிறதா, மடிப்பா என்று புரியாமல் அதை மகளுக்கு அனுப்பினார். ஏதாவது தெரியுதா என்று கேட்டு எழுதவில்லை. துப்பாக்கி என்றாலே கார்லாவுக்கு ஆகாது.

மறுநாள் பதில் வந்தது. "சட்டை நல்லா இருக்குப்பா. புதுசா?"

புதன்கிழமை வேலை முடிந்து, நெடுஞ்சாலை ஓரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரர் மனைவி டுவைலாவும் நல்ல கனமான பெண்மணி. டெல்பர்ட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"இடுப்புல."

"அத நீங்க சொல்லாதீங்க, இடுப்பு சொல்லட்டும். திரும்புங்க கண்ணு."

டெல்பர்ட் அப்படியே நின்றார். காது கேட்காதவர் என்று நினைத்து, அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், சதைக்கு மேலே, கொஞ்சம் முன்சாய்வாக ஓர் உறையைப் பொருத்தினாள். இரும்பு உடம்பைக் கடிக்காமல் பின்னால் அகலமான தோல்; நழுவாமல் இருக்க பெல்ட்டைக் கவ்வும் இரண்டு கொக்கிகள். பெல்ட்டை ஒரு துளை இறுக்கி, சட்டையைக் கீழே இழுத்து, முதுகை உள்ளங்கையால் நீவிவிட்டு, இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தாள்.

"குனிங்க. ம். உக்காருங்க. எந்திரிங்க. தெரியல."

அவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷமாக அந்த முதுகை ஒரு மனுஷக் கை தொட்டதில்லை. டெல்பர்ட், அடுக்கிவைத்த தோட்டாப் பெட்டிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க மேடம்" என்றார்.

"நாலு நாள் மாட்டிப் பாருங்க. ஒத்துவரலேன்னா கொண்டாங்க, மாத்தித் தரேன். உங்கள மாதிரி, என்னைய மாதிரி ஆளுக்கெல்லாம் முதல் தடவையே அமைஞ்சிடாது."

முதல் தடவையே அமைந்துவிட்டது. அங்கேதான் வினை. வியாழக்கிழமை முழுக்க லாரியில் ஏறினார், இறங்கினார், குழாயை இழுத்தார். இடுப்பில் ஒன்று இருப்பதே மறந்துபோனது. குறை சொல்ல ஓர் இடுக்குகூடக் கிடைக்கவில்லை. ஒழுங்கான மனுஷன் சந்தோஷப்பட்டிருப்பான். டெல்பர்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி கடையில் நின்றார்.

"கொஞ்சம் குத்துதுங்க."

"எங்க?"

"பின்னாடி... இந்தப் பக்கம்."

"திரும்புங்க."

அவள் தள்ளிவைத்தாள், சட்டையை இழுத்தாள், நீவினாள், பார்த்தாள். "தெரியல" என்றாள். டெல்பர்ட் வீட்டுக்குப் போய் அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டார்.

சனிக்கிழமையும் போனார். போகாமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"இன்னும் குத்துதா?" டுவைலா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். "இடுப்புதான் குத்துதா, இல்ல வேற ஏதாச்சுமா?"

"இடுப்புதாங்க" என்றார் டெல்பர்ட், காது வரைக்கும் சிவந்து.

"அப்ப இது உங்களுக்குச் சரிப்படாது. கழட்டுங்க." அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்தாள். இலேசான பிளாஸ்டிக் உறை, ஒற்றைக் கொக்கி. அதைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே மாடு ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். டெல்பர்ட்டுக்குச் சளைக்காத உடம்பு. மேசைமேல் கிடந்ததை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"அட, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே! இன்னொண்ணு இருக்கா?"

"அந்த சைஸ்ல அது ஒண்ணுதான். எடுத்துக்கோங்க. இவருக்கு ஆவலையாம்."

டெல்பர்ட் வாயைத் திறந்திருக்கலாம். அது என்னுடையது, குத்தவே இல்லை, பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஏன் பொய் சொன்னாய் என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய உறை இன்னொருவர் இடுப்பில் ஏறிக் கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகை நீவிவிட்டு "தெரியல" என்று டுவைலா சொன்னதுகூட அன்றைக்கு அவர் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினார், பழக்கத்தில். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. கிளம்பிப் போனார்.

பிரசங்கம் முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு பாஸ்டர், அமைதியாக ஜெபிப்போம் என்றார். எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் மட்டும் வழக்கம்போலக் கண்ணைத் திறந்துவைத்திருந்தார்கள். டெல்பர்ட்டும் கொஞ்சம் தலை குனிந்தார். லோரீனுக்காக எப்போதும் குனிவார். தொப்பை பெல்ட்டைக் கீழே தள்ளியது, ஒற்றைக் கொக்கி விட்டுக்கொடுத்தது, துப்பாக்கி உறையோடு நழுவிப் பலகைத் தரையில் தொம்மென்று விழுந்தது.

சர்ச்சு மொத்தமும் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தது.

அது உறைக்குள் பத்திரமாகத்தான் கிடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேலன் எழுந்து வந்து, அதைப் பொறுக்கித் தன் பைபிள் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெல்பர்ட்டின் தோளில் கை வைத்து, "பரவால்லடா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலிலேயே பெஞ்சு போய்விட்டது தெரிந்தது.

அந்த வாரம் டுவைலாவின் கடையைத் தாண்டி லாரி நான்கைந்து முறை போனது, நிற்கவில்லை. போய் என்ன சொல்வது? எதுவும் குத்தவில்லை, வீட்டில் பார்க்க ஆள் இல்லை என்றா? அறுபதைத் தாண்டிய மனுஷன் அதைச் சொல்வானா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராமலே இருந்துவிடலாமா என்று லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். வந்தார். இடுப்பில் ஒன்றும் இல்லை. நடக்கும்போது ஒரு பக்கம் இலேசாகி, சாய்ந்து நடப்பதுபோல இருந்தது. கதவோரத்தில் புதுசாக வந்த பல்டாக்டர் உட்கார்ந்திருந்தார். எதைச் செருகினாலும் மறைந்துபோகிற ஒல்லி உடம்பு. "குட்மார்னிங் பிரதர்" என்றார். டெல்பர்ட் தலையாட்டிவிட்டு நடு பெஞ்சுக்குப் போனார். அங்கே அவருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கழுத்து துடித்தது, திரும்பத்தான் முடியவில்லை. வருஷக்கணக்கில் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்த மனுஷனுக்கு, பின்னால் ஆட்கள் இருப்பது உடம்பெல்லாம் கூசியது.

முதல் பாட்டுக்கு முன்னால் கழுத்தில் ஒரு விரல் பட்டது. திடுக்கிட்டார்.

"ஆடாதீங்க பிரதர்." பின்பெஞ்சில் சிஸ்டர் வெல்டா. "சட்டை லேபிள் வெளிய நீட்டிட்டு இருக்கு. ஆம்பளைங்களுக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

லேபிளை உள்ளே தள்ளினாள். காலரை மடித்துவிட்டாள். தோளில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டாள். "ம், இப்ப தெரியல."

டெல்பர்ட் திரும்பிப் பார்க்க முயன்றார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். பியானோ ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்து பாடினார்கள். டெல்பர்ட் மட்டும் எழவில்லை. முகத்தைப் பாட்டுப் புத்தகத்துக்குள் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, பாவம், முழங்கால் வலிக்கிறதாக்கும் என்று வெல்டா நினைத்துக்கொண்டாள்.