கப்பல் பார்க்கப் போட்ட மொட்டை

கல்யாணமாகி வருடம் திரும்புவதற்குள் எனக்குக் கப்பல் பைத்தியம் பிடித்துவிட்டது. பிடிக்க வைத்தவர் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் படித்த பழைய புத்தகத்திலிருந்த கப்பல் படத்தைக் காட்டிக் காட்டியே என்னைக் கெடுத்தார். தேனிக்கு ரயில் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ரயில் ஏறினால் தூத்துக்குடி, தூத்துக்குடியில் கடல், கடலில் கப்பல் என்று நாங்கள் இருவரும் ரகசியமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே திரிந்தோம்.

ஆனால் அந்தக் காலத்துக் காமயகவுண்டன்பட்டியில் புருஷனும் பெண்டாட்டியும் சும்மா ஊர் பார்க்கப் போவது என்ற பேச்சே கிடையாது. கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம். என் மாமனார் இருமினாலே மாடு அசைபோடுவதை நிறுத்தும். அவர் முன்னால் போய் நின்று இவர் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார்.

“போன வருசம் காய்ச்சல்ல கிடந்தப்ப திருச்செந்தூருக்கு மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேன்யா.”

சாமி காரியம் என்பதால் மாமனாரால் மறுக்க முடியவில்லை. நான்கு நாளில் திரும்ப வேண்டும் என்றார்.

தேனியில் ரயில் கிளம்பியதும் நான் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. கண்ணெல்லாம் கரித்தூள். மதுரையில் மாறி, மணியாச்சியில் மாறி, தூத்துக்குடியில் இறங்கினோம். முதலில் கப்பல், மறுநாள் திருச்செந்தூரில் மொட்டை என்பது ஏற்பாடு. கப்பலோ கரைக்கு வராதாம், பல மைல் தள்ளி நிற்குமாம். சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிக்காரர் ஒருவரைக் கெஞ்சி இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டோம். அலை தூக்கிப் போடப் போட நான் சிரித்தேன், இவர் வாந்தி எடுத்தார். வாந்திக்கும் வாந்திக்கும் இடையில் அது நங்கூரம், இது புகைபோக்கி என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினார். பக்கத்தில் போனால், ஜன்னல் வைத்த சுவர் ஒன்று கடலில் நிற்கிறது! மேலே நின்ற யாரோ ஒருவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அதற்குப் பிறகு யார் திருச்செந்தூர் போவது? மறுநாளும் தோணி, அதற்கு மறுநாளும் தோணி. கடைசி நாள் காற்று விழுந்து, தோணி கரைக்கு வரத் தாமதமாகி, பிடரியில் கால் பட ஓடி ரயிலைப் பிடித்தோம்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது காற்றில் பறந்து நெற்றியில் விழுந்த முடியை இவர் ஒயிலாக ஒதுக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“முடி!” என்றேன்.

தேனியில் இறங்கியதும் சந்தைப் பக்கம் புளியமரத்தடியில் ஒரு நாவிதரைப் பிடித்தோம். அவர் கத்தியைத் தீட்டியபடி தாழ்ந்த குரலில் கேட்டார்: “தவறினது யாரு, அய்யாவா? ஆத்தாவா?”

கோயிலில்லாத இடத்தில் ஆம்பளை மொட்டை போட்டால் வேறென்ன அர்த்தம்? இவர் திருதிருவென்று விழித்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். “அழாதீக ஆத்தா, நல்ல சாவா நெனைச்சுக்கங்க” என்று நாவிதர் தேற்றினார். அந்தக் கோலத்தில் எங்களை, சந்தைக்கு வாழைத்தார் கொண்டுவந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். பார்த்தவர் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? முந்தின பஸ்ஸில் கம்பத்துக்கு ஏறிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் சாவகாசமாக இட்லி தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தோம்.

கம்பத்தில் இறங்கியதும் அங்கே வாழ்க்கைப்பட்ட மாமனாரின் தங்கை ஓடிவந்து இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“ஏலே, எங்கண்ணனைத் தூக்கிக் குடுத்துட்டமேலே!”

இவர் தன் மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டார். பொய் வேண்டுதலுக்குச் சாமி அப்பாவைக் கொண்டுபோய்விட்டது என்று நம்பிவிட்டார். நானும் நம்பினேன். மாட்டு வண்டியில் ஊர் போய்ச் சேரும் வரை மூன்று பேரும் அழுதோம். கப்பலைப் பார்த்து ஆட்டிய என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வீட்டு வாசலில் மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“எவன்டா செத்தது?” என்றார்.

இவர் அப்படியே அவர் காலில் விழுந்து, சந்தோஷம் தாங்காமல், கேட்காததையெல்லாம் கொட்டிவிட்டார். தோணி, கப்பல், வாந்தி, புளியமரம் எதையும் விடவில்லை. நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை.

மாமனாருக்கு மீசை துடித்தது. “இனிமே ரெண்டு பேரும் இந்த வாசப்படியைத் தாண்டுங்க, காலை ஒடிச்சுப்புடுறேன்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். உயிரோடு இருக்கிறாரே என்ற நிம்மதிக்கு நடுவிலும் எனக்கு அந்தக் கப்பல் கண்ணை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இருபது வயதுக்குள் என் கடல் முடிந்துபோயிற்று.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார் முன்னால் வந்தார்.

“காலை ஒடிச்சா எப்படிப் போறது? சாமிக்கின்னு சொன்ன முடியைத் தேனிச் சந்தையில போட்டுட்டு வந்திருக்காக. உசுரோட இருக்க மனுசனுக்கு இழவு விழுந்துருச்சு. இன்னமும் போகாம இருந்தா அது நெசமாப் போகும், பாத்துக்கங்க. இவன் முடி வளரட்டும். இந்தத் தடவை நானும் கூடப் போறேன். இதுகளை நம்பி அனுப்பினா இப்படித்தேன்.”

மாமனார் தன் நெஞ்சைத் தானே ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டிப் போனார்.

மாமியார் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். கன்னத்தில் ஒன்று விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் காதருகே குனிந்து கேட்டார்:

“ஏத்தா, அந்தத் தோணியில பொம்பளைக நின்னுக்கிட்டா போகணும், உக்காந்தா?”