மஞ்சள் வைக்காத வாசல்

ஒரு பைசா லஞ்சம் வாங்காமலே ஒருவருடைய வீட்டைப் பறித்துவிட முடியும். நான் பறித்திருக்கிறேன். வாங்கவில்லை என்பதைப் பல வருஷம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், சின்னச் சம்பளக்காரர்களுக்கும் சொந்த வீடு கிடைக்கட்டும் என்று அரசாங்கம் ஒரு சலுகை கொண்டுவந்தது. அடுக்குமாடி கட்டுகிறவர் ஒவ்வொரு வீட்டையும் சொன்ன அளவுக்குள் கட்டினால், அதில் வரும் லாபத்துக்கு வருமான வரி கிடையாது. ஒரு வீடு அளவு மீறினாலும் கட்டடம் முழுவதற்கும் சலுகை போய்விடும். வரி இலாகாக்காரர்கள் வந்து அளக்க மாட்டார்கள். அனுமதி கொடுத்த உள்ளாட்சி அலுவலகம், அளந்து பார்த்தோம், சரியாக இருக்கிறது என்று சான்று கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டையை ஒட்டி எழும்பிய ஒரு கட்டடத்துக்கு அந்தச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளன் நான்.

கட்டியவர் நெல் வியாபாரத்தில் இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக்கு மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் முன்பணம் கட்டியிருந்தார். அவர் எல்லோருக்கும் சிஸ்டர். ஓய்வு பெற்றதும் ஆஸ்பத்திரிக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். கூட இருக்கும் தம்பிக்கு இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் போய்விட்டன. கீழ்வீடுதான் வேண்டும் என்று அவர் காத்திருந்து எடுத்தது அதனால்தான். அவருக்குப் பக்கத்து வீட்டை எடுத்தவன் என் மனைவியின் தம்பி. வக்கீல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னான்.

"அத்தான், ஒரு வீட்ட மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய? புறாக்கூடு மாதிரி இருக்கு. ரெண்டையும் சேத்தாத்தான் ஊர் வீட்டு ஊஞ்சலப் போட முடியும்."

"பக்கத்துல ஒரு நர்ஸம்மா எடுத்திருக்காங்கன்னு சொன்னியே?"

"அட்வான்ச அண்ணாச்சி திருப்பிக் குடுத்திருவாரு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அளக்க வரும்போது நடுவுல சுவரு இருக்கும். சுவரப் பாத்துட்டுப் போங்க, அவ்வளவுதான்."

"அவன் கேக்கதுல என்ன தப்பு, சுவரு இருக்கத்தான செய்யும்" என்றாள் என் மனைவி. நான் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தேன். 

அளக்கப் போனேன். டேப்பின் மறுமுனையை அண்ணாச்சியே பிடித்தார். யாரைச் சரிபார்க்கப் போனேனோ அவர் கையிலேயே டேப்பைக் கொடுத்த வெட்கம்கூட எனக்கு இல்லை. அளவெல்லாம் கச்சிதமாக இருந்தது. சுவர்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனிச் சமையலறை, தனி மின் மீட்டர். சட்டம் கேட்டது எல்லாம் இருந்தது.

ஆனால் வாசல் நிலைகளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் வாசலுக்கு நிலை நிறுத்துவது சாதாரண தச்சு வேலை இல்லை. வாங்குகிறவர் குடும்பத்தோடு வந்து, நல்ல நேரம் பார்த்து, நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாவிலை கட்டித் தேங்காய் உடைப்பார். வார்னிஷ் அடிக்கும் வரை அந்த மஞ்சள் மரத்தில் இருக்கும். அந்தக் கட்டடத்தில் ஒரு வாசலில் மஞ்சள் இருந்தது, அடுத்தது மொட்டையாக நின்றது. மறுபடி ஒன்றில் மஞ்சள், அதற்கடுத்தது மொட்டை. மாடியிலும் அதே கதைதான். இரண்டிரண்டு வீடாகச் சேர்த்து ஒருவருக்கே விற்றிருந்தார். நாளைக்குச் செங்கல் வைத்து அடைக்கப் போகிற வாசலுக்கு எவன் பூசை போடுவான்? அதைவிட அபசகுனம் உண்டா? வரி இலாகாவை ஏமாற்றத் துணிந்தவர்களுக்குப் பொய்ப் பூசை செய்ய மட்டும் பயமாக இருந்திருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, இந்த நிலைக்கெல்லாம் பூசை கிடையாதா?"

அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அவங்கல்லாம் வேதக்காரங்க சார். மஞ்ச, குங்குமம் வைக்க மாட்டாங்க. ஜெபம் பண்ணிட்டுப் போயிருவாங்க."

"அதெப்படி வே, ஒண்ணுவிட்டு ஒண்ணு வேதக்காரங்க? வரிசைல நிறுத்தி வித்தீரோ?"

"நம்ம பாளையங்கோட்டையே அப்படித்தான சார் இருக்கு. இங்கன ஒரு கோயிலு, அங்கன ஒரு சர்ச்சு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கட்டடத்தில் வீடு கேட்டு முன்பணம் கட்டிய கிறிஸ்தவர் ஒரே ஒருவர்தான், அந்த சிஸ்டர். அவரை வெளியே தள்ளிவிட்டு, தள்ளியதை மறைக்க அவருடைய வேதத்தையே திரையாகப் போட்டுக்கொண்டார் அந்த ஆள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பல்லைக் காட்டினேன்.

சில நாளில் சிஸ்டர் அலுவலகத்துக்கு வந்தார். பணி உடுப்போடே வந்திருந்தார்.

"சார், அண்ணாச்சி என் பணத்தத் திருப்பி அனுப்பியிருக்காரு. நான் வாங்கல. உங்க சான்று இல்லாம அவருக்கு வரிச் சலுகை கிடைக்காதுன்னு சொல்லுதாங்க. கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்க சார், போதும். அவரே இறங்கி வந்திருவாரு."

எந்த இடத்தில் பிடித்தால் அண்ணாச்சிக்கு வலிக்கும் என்று சிஸ்டர் கண்டுபிடித்திருந்தார். அவர் கேட்டது தயவு இல்லை. என் வேலையை நான் செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அந்த ஃபைல் என்கிட்ட இல்லம்மா. மேல போயிட்டு" என்றேன்.

என் மேசையைப் பார்த்தார். "சரி சார், வாரேன்" என்று போய்விட்டார். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் நான் கையெழுத்துப் போட்டேன்.

சான்று போய்ச் சேர்ந்த பிறகு மைத்துனன் வீட்டில் நடுச்சுவரை இடித்தார்கள். பால் காய்ச்சினார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊஞ்சலில் ஆடிப் பார்த்து, "எவ்வளவு விசாலம், எவ்வளவு காத்து" என்று மெச்சினார்கள். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள். ஏழைக்கு என்று வந்த சலுகையில் இத்தனை பெரிய கூடம் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சிஸ்டரைத் தேடிப் போனேன். வாடகை வீடு, மாடியில். செங்குத்தான படி. ஏறும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அந்தத் தம்பியை இறக்க வேண்டுமானால் இரண்டு பேர் தூக்க வேண்டும்.

"யாரு அக்கா அது?" என்று உள்ளே கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"நம்ம வீட்ட அளந்தாருல்லா, அந்த சாரு."

"சரியா அளந்தாரான்னு கேளு."

சிஸ்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் அந்தச் சலுகை, சான்று, மைத்துனன் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு அந்த ஃபைல் உங்க முழங்கைக்குக் கீழதான் சார் இருந்துச்சு. அண்ணாச்சி பேரு தலைகீழாத் தெரிஞ்சுது. கட்டில் பக்கத்துல நின்னு டாக்டர் எழுதுறத எதுத்தாப்புல இருந்து வாசிச்சே பழகினவ நான்."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா? இன்னொரு பொய் சொல்லியிருப்பிய. இப்ப எதுக்கு வந்திருக்கிய?"

"மன்னிப்புக் கேக்க."

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது? அண்ணாச்சியோட வரி விவகாரம் இன்னும் முடியல, விசாரிச்சுட்டுத்தான் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். நேரா வரி ஆபீசுக்குப் போங்க. அங்கன சுவரு இல்லன்னு எழுதிக் குடுங்க. குடுத்துட்டு வாங்க, காப்பி போட்டுத் தாரேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று சொல்வது போலச் சொன்னார். மன்னிப்பு என்று நான் கொண்டுபோனது அவருக்கு ஒன்றுக்கும் உதவாத சரக்கு. அவர் கேட்டது ஒரு காரியம். அந்தக் காரியத்தில் என் மைத்துனனுக்கு வழக்கு வரும், எனக்கு விசாரணை வரும், என் ஓய்வூதியம் நிற்கும், வீட்டில் என் மனைவி என் முகத்தில் விழிக்க மாட்டாள். படி இறங்குவதற்குள் இவ்வளவையும் யோசித்து முடித்துவிட்டேன்.

நகரப் பேருந்தில் ஏறினேன். வரி அலுவலகம் இருக்கும் நிறுத்தத்தில் பஸ் நின்றது. "இறங்குத ஆளெல்லாம் இறங்குங்க" என்று நடத்துநர் குரல் கொடுத்தார். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஏறும்போதே அதைத் தாண்டி ஜங்ஷனுக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தேன்.